படுத்த படுக்கையாக ஐந்து வருடம்

பயோடேட்டாக்காரரிடம் போய், "ஆறு மாசம் சும்மா இருந்தேன் சார்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். "யாருமே சும்மா இருக்கிறதில்ல தம்பி. எழுதத் தெரியாதவன்தான் சும்மா இருப்பான்" என்பார். பிறகு விசைப்பலகையில் கையை வைத்தாரென்றால், ஆறு மாதம் சோபாவில் புரண்டு டிவி பார்த்தவன், ஆறு மாதம் 'சந்தை நிலவரத்தைத் தன்னிச்சையாக ஆய்வு செய்தவன்' ஆகி எழுந்து போவான்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஏறும்போது தோள் இரண்டும் சுவரில் உரசுகிற மாடிப்படி. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், தட்டினால்தான் காகிதம் துப்புகிற பிரிண்டர், இரண்டு நாற்காலி. ஆடாத நாற்காலி அவருக்கு, ஆடுகிற நாற்காலி வருகிறவனுக்கு. வேலை தேடி வருகிறவன் சௌகரியமாக உட்காரக் கூடாது என்பது அவர் கொள்கை. இருபத்தாறு வருடமாக ஊரார் வாழ்க்கையை இரண்டு பக்கத்துக்குள் அடைத்துக் கொடுக்கிறார். டைப்ரைட்டரில் ஆரம்பித்த தொழில்.

அவர் தொழில் ரகசியமெல்லாம் வினைச்சொல்லில் இருந்தது. 'வேலை பார்த்தார்' என்ற சொல் அந்த அறைக்குள் நுழைந்ததே இல்லை. தலைமை தாங்கினார், முன்னின்று நடத்தினார், ஒருங்கிணைத்தார், உருவாக்கினார். கடையில் பெட்டி அடுக்கினவன் 'இருப்பு மேலாண்மையைச் சீரமைத்தான்'. அண்ணன் கல்யாணத்தில் பந்தல்காரனோடு சண்டை போட்டவன்கூட 'பெரு நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்தான்'. இதெல்லாம் பொய்யா என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பொய்யில்லய்யா, பாலிஷ்! செருப்புக்கே பாலிஷ் போடறோம், மனுஷனுக்குப் போட்டா என்னவாம்?"

இப்படிப்பட்டவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளத்தான் அந்தப் புதுக் கூட்டம் வந்து சேர்ந்தது.

முதலில் வந்தவன் இன்ஜினியரிங்கில் தங்கப் பதக்கம் வாங்கியவன். சட்டை நன்றாகத்தான் போட்டிருந்தான், பேச்சும் ஒழுங்காகத்தான் இருந்தது. காகிதத்தை நீட்டி, "இதைக் குறைச்சு எழுதிக் கொடுங்க சார்" என்றான்.

"ஒரு பக்கத்துக்கு வேணுமா?"

"பக்கத்தை இல்ல சார். படிப்பை. பத்தாவதோட நிறுத்திடுங்க. பதக்கத்தை எடுத்துடுங்க. கம்பெனியில மூணு வருஷம் இருந்ததையும் எடுத்துடுங்க."

மீன்தொட்டி விற்கிற கடையில் தண்ணீர் மாற்றுகிற வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம். படித்தவன் என்றால் நாலு மாதத்தில் ஓடிவிடுவான் என்று எடுக்க மாட்டார்களாம்.

"மீன்தொட்டியா?"

"ஆமா சார். நாலு மணிக்கு முடிஞ்சிடும். வீட்டுக்குப் போயிடலாம்."

"வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் இல்ல சார்."

அந்த 'ஒண்ணும் இல்ல சார்' இருக்கிறதே, அதை அவன் வெட்கப்பட்டுச் சொல்லியிருந்தால்கூட பயோடேட்டாக்காரர் மன்னித்திருப்பார். அவனோ இரண்டு வேளை சாப்பிட்டவன் மாதிரி நிறைவாகச் சொன்னான். அவர் எழுந்து நின்று, மாடிப்படி அதிர அவனை இறக்கிவிட்டார். "உங்கப்பன் கேட்டா நாண்டுக்கிட்டுச் சாவான்டா!" என்று படி உச்சியில் நின்று கத்தியது ஜெராக்ஸ் கடை வரை கேட்டது.

அவன் ஒருவனோடு போயிற்றா? இல்லை. பாங்கியில் அதிகாரியாக இருந்த ஒருத்தி, நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்குப் போக வேண்டுமென்று வந்தாள். கணக்கில் முதுகலை முடித்த ஒருவன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போக வந்தான். எல்லோரும் ஒரே பாட்டு. 'போதும் சார்.' 'ஓடினது போதும் சார்.' இருபத்தேழு வயதில் என்ன ஓடிக் கிழித்துவிட்டதாம்? பயோடேட்டாக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இந்தத் தலைமுறைக்கு வாழைத்தண்டை வைத்து அனுப்பிவிட்டான் ஆண்டவன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "தோத்துப் போனவன் உக்காந்தா பாவம்னு சொல்லலாம். ஜெயிச்சவனும் உக்காந்துக்கறானே! இதுக்கு என்ன பேரு? கொழுப்பு!"

ஆனாலும் கொஞ்ச நாளில் அவரே அவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். மனம் இரங்கியெல்லாம் இல்லை. விரட்டப்பட்டதுகள் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போயின. ஜெராக்ஸ் பையன் பட்டப்படிப்பின் மேல் வெள்ளை மையைத் தடவிப் பிரதி எடுத்துக் கொடுத்தான். ஒரு காகிதத்தில் 'தங்கப் பத' வரைக்கும் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை. செய்கிறது கேடுகெட்ட வேலை, அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? "கொண்டாடா இங்க" என்று பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். வாயால் திட்டிக்கொண்டே கையால் குறைத்தார். ஊதுவதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஒரு மனிதனிடமிருந்து ஐந்தாறு வருடத்தை எடுத்துவிட்டால் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை முதலாளி சந்தேகப்படாதபடி அடைக்க வேண்டும். அடைப்பதில் அவர் புலியாகிவிட்டார்.

அவர் வீட்டில் அப்படிப்பட்ட வியாதி எதுவும் கிடையாது. அவருக்கு ஒரே மகள். கல்லூரியில் முதலிடம், பதக்கம், மேற்படிப்பு, சரக்கு அனுப்புகிற பெரிய கம்பெனியில் துணை மேலாளர். அவளுக்குக் கீழே எட்டுப் பேர். அவளுடைய பயோடேட்டாதான் அவர் எழுதியதிலேயே உச்சம். நீல நிற ஃபைலில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, அவளைக் கேட்காமலேயே ஒரு வரி சேர்ப்பார். வருகிறவர்களிடம் மாதிரிக்குக் காட்டுவார். "பாரு. இது என் பொண்ணு. இரு, கையைத் தொடச்சுட்டுத் தொடு."

கம்பெனியில் சேர்ந்த ஐந்து வருடமும் மகள் காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி வீட்டார் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருவாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள், காதில் போன் இருக்கும். சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வரும். ஒரு தரம் குளியலறையிலேயே மயங்கி விழுந்தாள். மனைவி கதவை உடைக்கச் சொல்லி அலறியபோது பயோடேட்டாக்காரர் எதிர்வீட்டுக்காரரிடம், "பொறுப்பு அப்படி சார், எட்டுப் பேரைக் கட்டி மேய்க்கிறான்னா சும்மாவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவை உடைத்தது எதிர்வீட்டுக்காரர்தான்.

அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது இவ்வளவுதான்.

"இப்ப உனக்குக் கீழ எத்தனை பேரு?"

"எட்டுப்பா."

"அடுத்த வருஷம்?"

"தெரியலப்பா."

"தெரிஞ்சு வெச்சுக்கணும்."

ஒருநாள் சுருள்முடிக்காரப் பையன் ஒருவன் மாடியேறி வந்தான். தெரிந்த பெண் ஒருத்திக்கு எழுத வேண்டும் என்றான். துண்டுக் காகிதத்தில் வயதும் பள்ளிப் படிப்பும் மட்டும் இருந்தது. பேரை அவளே போட்டுக்கொள்வாளாம். சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற வேலையாம்.

"அவ ஏன் வரல? துரைசானிக்குக் காலு வலிக்குதாமா?"

"ஆபீஸ்ல இருக்கா சார். இன்னும் வேலையை விடல."

"ஓட்டை எத்தனை வருஷம்?"

"மேல படிச்சது, அப்புறம் கம்பெனியில அஞ்சு வருஷம். படிச்ச வருஷத்துக்கு ஏதாவது கடை வேலைன்னு நான் சொல்லிக்கறேன். அஞ்சு வருஷம்தான் சார் பெருசா இருக்கு."

அஞ்சு வருடம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்ன ஓட்டையெல்லாம் அவருக்கு அலுத்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சீக்காளியைக் கவனிச்சுக்கிட்டுத்தான் வீட்டுல இருந்திருக்கணும். வேற வழியில்ல. அம்மாவா, அப்பாவா? யாரைப் படுக்க வைக்கட்டும்?"

பையன் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. "அப்பாவைப் படுக்க வைக்கச் சொல்றா சார்."

பயோடேட்டாக்காரர் தட்டினார். 'தந்தை படுத்த படுக்கையாக இருந்தமையால், ஐந்து வருட காலம் வேறெங்கும் செல்லாது, அவருக்கு உடனிருந்து பணிவிடை செய்து வந்தார்.' என்ன வியாதி என்று எழுதவில்லை. வியாதியை எழுதினால் விசாரிப்பார்கள், எழுதாவிட்டால் இரக்கப்படுவார்கள். இரண்டு தரம் படித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எந்த முதலாளியும் இதைப் படிச்சுட்டு வேணாம்னு சொல்ல மாட்டான். அந்தச் சோம்பேறிகிட்ட சொல்லு, அப்பன் பேரைக் காப்பாத்தச் சொல்லு" என்று பிரிண்டரைத் தட்டினார்.

அதற்குப் பிறகு மகளிடம் சில மாற்றங்கள் வந்தன. காலை ஆறரைக்கே கிளம்பினாள். இவர் எட்டு மணிக்குக் கடை பூட்டி வரும்போது அவள் வீட்டில் இருந்தாள். சில நாள் தூங்கிப் போயிருந்தாள். 'மேலே போகப் போக நேரக் கட்டுப்பாடு கிடையாது' என்று பயோடேட்டாக்காரர் தானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு, நீல ஃபைலில் 'நெகிழ்வான நேர மேலாண்மை' என்று ஒரு வரி சேர்த்தார். மனுஷன் பூசி மெழுகிப் பூசி மெழுகி, கடைசியில் தன் கண்ணையே மெழுகிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து டை கட்டிய ஒருவன் வந்து ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தான். நன்றாக ஊதித் தர வேண்டும் என்றான். பயோடேட்டாக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீண்ட நாளுக்குப் பிறகு ஒரு ஆம்பிளை! எந்த வேலைக்கு என்று கேட்டார். சரக்குக் கம்பெனி பேரைச் சொல்லி, துணை மேலாளர் என்றான். எட்டுப் பேர் கீழே இருப்பார்களாம்.

"அந்த இடம் காலியில்லையே தம்பி. அதுல என் பொண்ணு இருக்கா."

"அந்த மேடம் உங்க பொண்ணா சார்? அவங்க ராஜினாமா பண்ணி ரெண்டு மாசம் ஆச்சே. பெரிய சார் கெஞ்சிக்கூடப் பாத்தாராம். வேணாம்னுட்டாங்களாம்."

பயோடேட்டாக்காரர் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். அந்தப் பையனுக்கு இரண்டு பக்கமும் தட்டி முடித்தார். முதல் பக்கத்தில் மட்டும் 'தலைமை தாங்கினார்' ஏழு இடத்தில் விழுந்திருந்தது. பையன் சந்தோஷமாகப் போனான்.

வீட்டுக்கு வந்தபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறா இவ தினமும்?"

மனைவி நிமிரக்கூட இல்லை. "சலவைக்கூடத்துக்கு. போர்வை மடிக்க. வாசல்ல நுழையும்போதே அந்தக் கேள்வி உங்க வாயிலதான் இருந்துச்சு. முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியும். உக்காந்து சாப்பிடறா. தூங்கறா. நேத்து பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பாடினா. ஒரே வீட்டுலதானே இருக்கீங்க, நீங்க எதைப் பாத்தீங்க?"

"போர்வை மடிக்கிறா! பதக்கம் வாங்கினவ போர்வை மடிக்கிறா! எந்த மடப்பய அவளை வேலைக்கு எடுத்தான்? அவ படிப்பைப் பாத்துமா எடுத்தான்?"

மனைவி துணியைக் கீழே வைத்தாள். "படிப்பு எங்க இருக்கு அதுல? அவ அஞ்சு வருஷம் சீக்காளி அப்பாவைப் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்தாளாம். அவகூட வேலை பாத்த பையன் ஒருத்தன், சுருள்முடி. அவன்தான் எழுதி வாங்கிட்டு வந்தான். யாரு எழுதினதுன்னு நான் வேற சொல்லணுமா?"

பயோடேட்டாக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். படுக்க வைத்தது யாரை என்று இப்போதுதான் புத்திக்கு எட்டியது. ஊருக்கே காது குத்தினவர் காதில் அவர் ஊசியாலேயே குத்தியிருந்தார்கள்.

"நாளைக்கே போய் நாலு பேர் முன்னாடி அந்த வேலையைத் தொலைச்சுட்டுத்தான் மறு வேலை" என்றார்.

"போங்க" என்றாள் மனைவி. "ஆனா ஒண்ணு. அவளை மறுபடி அந்த ஆபீஸுக்கு அனுப்பினீங்கன்னா, கதவை உடைக்க இந்தத் தடவையும் எதிர்வீட்டுக்காரர் வரணும்னு எதிர்பாக்காதீங்க."

மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். கக்கத்தில் நீல ஃபைல். அதைத் திறந்து காட்டினால் போதும். பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள் என்று அந்த நிமிஷமே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவமானப்பட்டால்தான் ரோஷம் வரும், ரோஷம் வந்தால்தான் முன்னேறுவாள். ரோஷம் எப்படி வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஊரார் ரோஷத்தில் பிழைக்கிறவர்.

சலவைக்கூடம் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வாசலில் வண்டியிலிருந்து ஆஸ்பத்திரி மூட்டைகளையும் ஓட்டல் மூட்டைகளையும் தனித்தனியாக இறக்கினார்கள். உள்ளே ஒரு பக்கம் பெரிய பெரிய டிரம்கள் உருண்டன. நடுவில் சூடான உருளைகளுக்கு இடையே போர்வை ஈரமாக நுழைந்து மொடமொடவென்று வெளியே வந்தது. இரண்டு இரண்டு பேராக நின்று முனைகளைப் பிடித்தார்கள். பின்னால் இழுத்து ஒரு உதறு, முன்னால் வந்து ஒரு மடிப்பு, மறுபடி பின்னால், மறுபடி முன்னால். பத்துச் சேர்ந்ததும் நாடா கட்டினார்கள்.

மகள் மூன்றாவது உருளையில் நின்றிருந்தாள். தலையில் துண்டு. எதிரே இருந்தவள் என்னவோ சொல்ல, போர்வையின் முனையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது! கம்பெனி ஆண்டு விழாவில் இவள் கோப்பை வாங்கியபோது எடுத்த படத்தில் வாயே திறக்கவில்லை. அதற்குச் சிரிக்காதவள் ஆஸ்பத்திரிப் போர்வைக்குச் சிரிக்கிறாள். பயோடேட்டாக்காரர் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு போட்ட அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தார்.

கூடத்தை நடத்துகிறவளை எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயது, கட்டைக் குரல், காதில் பென்சில்.

"நான் அந்தப் பொண்ணோட அப்பா. உங்ககிட்ட ஒரு விஷயம்..."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பெரியக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஐயையோ! நீங்களா? நடக்கறீங்களே! ஏங்க, நீங்களா தனியா வந்தீங்க? யாராவது ஓடி வந்து இவரைப் பிடிங்கப்பா!"

பிடித்தார்கள். ஒரு ஆள் இந்தப் பக்கம், ஒரு ஆள் அந்தப் பக்கம். ஆடாத நாற்காலியில் உட்கார வைத்து முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தார்கள். வாயருகே தண்ணீர் டம்ளர் வந்தது. பயோடேட்டாக்காரர் திமிறப் பார்த்தார். "அலட்டிக்காதீங்க" என்று பெரியக்கா அவருக்குக் காது கேட்காதது போலச் சத்தமாகச் சொன்னாள்.

"நாப்பது பேரு மனு போட்டாங்க இந்த வேலைக்கு. உங்களைப் பத்தி எழுதியிருந்ததைப் படிச்சேன், மத்ததெல்லாம் மூடி வெச்சுட்டேன். எங்கப்பாவும் படுத்துத்தான் போனாரு. நான் பாத்துக்கல. எங்க அண்ணிதான் பாத்தா. அதனால எனக்கு அந்த வரி அப்படியே நெஞ்சுல குத்திடுச்சு."

தன் வரி ஒருத்தி நெஞ்சில் குத்தி நிற்கிறது என்றால் எழுதினவனுக்குப் பெருமையாக இருக்காதா? இருந்தது. அந்த நிலைமையிலும் கொஞ்சம் இருந்தது. மனித ஜென்மம் அப்படி.

"சாப்பிடற நேரத்துல உங்க பொண்ணு உங்களைப் பத்தித்தான் சொல்லுவா. நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம்" என்றாள் பெரியக்கா. "நீங்க சாயங்காலமானா ஜன்னலைத் திறக்கச் சொல்வீங்களாமே. அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, எதிர் மதில்ல பூனை எத்தனை தடவை போகுதுன்னு ரெண்டு பேரும் எண்ணுவீங்களாமே. அவ சொல்லுவா, எங்கப்பா ஒருநாளும் 'இன்னைக்கு என்ன சாதிச்ச'ன்னு கேட்டதே இல்லக்கா, 'இன்னைக்கு எப்படி இருந்துச்சு'ன்னுதான் கேப்பாருன்னு."

பயோடேட்டாக்காரர் தண்ணீரைக் குடித்தார்.

"ஒரு தரம் அவ குளிக்கப் போய் மயங்கி விழுந்தாளாம். எந்திரிக்கவே முடியாத நீங்க, கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, கையாலயே தவழ்ந்து குளியலறை வரைக்கும் போயிட்டீங்களாமே. அதைச் சொன்னப்ப இங்க அழாத ஆளே இல்லை."

எதிர்வீட்டுக்காரரிடம் தான் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வந்தது. டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மகள் கதவருகே வந்து நின்றாள். அவரைப் பார்த்தாள். மடியில் இருந்த நீல ஃபைலைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வா வா" என்றாள் பெரியக்கா. "நல்ல நேரத்துலதான் வந்திருக்காரு உங்கப்பா. ஐயா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. கூடத்துல பதினாறு பேரு. எனக்கு இடுப்பு வலி, இந்த அறை, கூடம்னு ரெண்டு இடத்துலயும் நிக்க முடியல. இவளைப் பதினாறு பேருக்கும் தலைவியாப் போடறேன்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன். கூர்மையான பொண்ணு, கணக்கெல்லாம் என்னமாப் போடறா தெரியுமா, பத்தாவதுதான்னு யாரும் நம்ப மாட்டாங்க. ஏழு மணி வரைக்கும் இருக்கணும், அவ்வளவுதான். மாட்டவே மாட்டேங்கிறா. மூணு மணிக்குப் போயிடணும்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா தட்ட மாட்டா."

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். பதினாறு பேர்! கம்பெனியில் இருந்ததற்கு இரண்டு மடங்கு. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் தலைவி. ஃபைலைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மகள் தெருவில். இரண்டு பக்கத்தில் எவனையும் எங்கேயும் ஏற்றிவிடுகிற அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக வார்த்தை வரவில்லை. மகள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சூட்டில் சிவந்த விரல்கள். அவள் அவரை நம்பவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அதெப்படிங்க முடியும்?" என்றார் பயோடேட்டாக்காரர். குரல் அவருக்கே அந்நியமாக, ஈனமாக வந்தது. "ஏழு மணி வரைக்கும் அவ இங்க இருந்தா என்னை யாரு பாத்துக்கறது? அவங்கம்மாவாலயும் முடியாது. மூணு மணிக்கு அவ வீட்டுக்கு வந்தாகணும். எனக்கு... ஜன்னல் திறக்கணும்."

பெரியக்காவின் கண் கலங்கிவிட்டது. "தப்பு என்னோடதுதாங்க. இனிமே கேக்கவே மாட்டேன்" என்றாள். மடியில் இருப்பது என்ன என்று கேட்டாள். மருந்துச் சீட்டு என்றார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

வாசல் வரை அவரைக் கொண்டுபோய் விடும்படி மகளிடம் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கூடமே நின்று பார்த்தது. மகள் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இவர் மெதுவாக நடக்க வேண்டியதாயிற்று.

"எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?" வாயசையாமல் கேட்டாள்.

"பின்ன? போர்வைக்குத் தலைவியாம், போர்வைக்கு! அதையும் நான் ஃபைல்ல எழுதணுமா? வெளியில சொன்னா சிரிப்பாங்க." பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்ல அவருக்கு வாய் பழகியிருக்கவில்லை.

மகள் சிரித்தாள். கூடத்தில் கேட்ட சிரிப்பு இல்லை இது. "ஒண்ணு சொல்லட்டுமாப்பா? இவங்களுக்குச் சொல்லணும்னு ஆரம்பிச்சேன். தினமும் ஏதாவது கேப்பாங்க, ஏதாவது சொல்லியாகணும். சொல்லச் சொல்ல அந்தச் சீக்காளி அப்பா மேல எனக்கு அவ்வளவு ஆசையாயிடுச்சு. மூணு மணிக்குக் கிளம்பும்போது அவருதான் வீட்டுல இருக்காருன்னு ஒரு நிமிஷம் நெனச்சுக்குவேன். எட்டு மணிக்கு நீங்க வருவீங்க. நான் தூங்கற மாதிரி படுத்துக்குவேன்."

அவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"உள்ள போறேம்ப்பா. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு" என்று அவர் கையைத் தோளிலிருந்து எடுத்து, வாசல் கம்பியில் வைத்துவிட்டுப் போனாள்.

தெருவில் வெயில் கொளுத்தியது. கோபப்பட வேண்டுமென்று பயோடேட்டாக்காரர் ரொம்ப முயற்சி பண்ணினார். நன்றிகெட்டதுகள், சோம்பேறிகள், உருப்படாததுகள் என்று வழக்கமான எல்லாவற்றையும் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் பெரியக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள், கையை ஆட்டினாள். தெருக்கோடி வரைக்கும் அவள் கண்ணுக்குத் தெரியும். அதுவரைக்கும் சீக்காளியாகத்தான் நடந்தாக வேண்டும்.

கிளம்பப் போனவருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கு என்ன வியாதி என்று மகள் அங்கே சொல்லி வைத்திருக்கிறாள் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. முதுகா, இடுப்பா, பக்கவாதமா? எந்தக் காலை இழுக்க வேண்டும்? உள்ளே போய்க் கேட்க முடியாது. இரண்டு காலையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துக்கொண்டே தெருக்கோடி வரை நடந்தார்.